ஃபுஷிமி இனாரி: நெல் தெய்வத்தின் மலை

ஜப்பானின் கியோட்டோவிலிருந்து நாரா போகும் ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் இனாரி. வெளியே வந்ததுமே எதிரில் ஃபுஷிமி இனாரி என்ற ஷிண்டோ கோயிலின் பெரிய செந்நிறத் தோரி வாசல். நுழைவுக் கட்டணம் கிடையாது. மலைப்பாதை இரவிலும் திறந்திருக்கும்.

இந்தத் தலம் 711-இல் தோன்றியது என்பது ஐதிகம். ஹாதா நோ இரோகு என்ற செல்வந்தர், அரிசியில் செய்த மோச்சியை இலக்காக வைத்து அம்பு எய்தாராம். அது வெள்ளைப் பறவையாகிப் பறந்து மலையில் இறங்க, அங்கே நெல் விளைந்ததாம். உணவை விளையாட்டாக்கியவருக்கும் தெய்வம் தண்டனை தரவில்லை, நெல்லையே காட்டிக்கொடுத்தது. அந்தக் கருணையை நினைத்துக்கொண்டேதான் மலையேறினேன்.

கையையும் வாயையும் கழுவிக்கொண்டு, 1499-இல் மறுபடி கட்டிய மூலக்கோயிலின் முன் நின்றேன். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிய வேண்டும். வழியெங்கும் சிவப்புத் துணி கட்டிய நரிச் சிலைகள். ஒன்றின் வாயில் நெற்கதிர், இன்னொன்றின் வாயில் களஞ்சியச் சாவி. நரியைத் தெய்வம் என்று நினைத்துவிடக் கூடாது. அது இனாரி என்ற நெல் தெய்வத்தின் தூதர்.

அப்புறம், எல்லாரும் படமெடுக்கும் அந்த ஆயிரம் தோரிகள். ஏறும்போது வெறும் செந்நிறத் தூண்களாகத்தான் தெரிந்தன. இறங்கும்போது பார்த்தால், தூணுக்குத் தூண் கறுப்பு எழுத்தில் கொடுத்தவர் பெயரும் தேதியும். வேண்டுதலாகவும் நன்றியாகவும் கடைக்காரர்களும் நிறுவனங்களும் நிறுத்தியவை. நெல் காத்த தெய்வம் காலப்போக்கில் வியாபாரத்தையும் காக்கிறது.

பெரும்பாலானோர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். மலையின் உயரம் 233 மீட்டர்தான். தயவுசெய்து மேலே போங்கள். உள்ளே போகப்போகக் கூட்டம் குறைந்து, பாசி படிந்த சிறு வழிபாட்டுக் கற்கள் அடுக்கடுக்காக வரும். ஒவ்வொன்றிலும் யாரோ வணங்கும் தெய்வத்தின் பெயர். ஒரு பாட்டி கல்லைத் துணியால் துடைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பொரித்த தோஃபு ஒரு துண்டு வைத்துக் கைதட்டி வணங்கினார். எனக்கும் கை தானாகக் கூப்பியது.

கோயிலுக்கென்று சொந்தமாக ஒரு சின்ன வயலும் உண்டு. ஜூன் 10-இல் அதில் நாற்று நடவு, அக்டோபர் 25-இல் அறுவடை. அந்தப் புது நெல்லை நவம்பர் 23 விழாவில் தெய்வத்துக்குப் படைக்கிறார்கள். தேதியை நீங்களே முடிவு செய்யலாம் என்றால், நடவு நாளுக்கே போங்கள்.