கிடையில் நரி விழுந்தால் குருணை மருந்து வைக்காதீர்கள்

விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கம் கிடை போடுபவர்கள், அதாவது இரவில் ஆடுகளை வயலில் வலை கட்டி அடைப்பவர்கள், முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி விஷம் வைப்பதும் வேட்டைதான். 2022 திருத்தத்தில் நரி, மிக உயர்ந்த பாதுகாப்பு பெறும் விலங்குகளின் பட்டியலான முதல் அட்டவணைக்குப் போய்விட்டது. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. மத்தியச் சட்டம் என்பதால் புதுச்சேரிக்கும் இதேதான். "நாய்க்குத்தான் வைத்தேன்" என்றாலும் தப்ப முடியாது: இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325-இல், விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

கார்போஃபியூரான் குருணை பயிருக்கான மருந்து. செத்த ஆட்டில் தடவி வைத்தால் நரியோடு நிற்காது. அதைத் தின்னும் காக்கை, செம்பருந்து, கீரி, உங்கள் காவல் நாய் எல்லாமே போகும். மனசு ஆறாத சாவு அது.

இரவில் குட்டிகளைக் கொடாப்பில் (குட்டிகளை மூடி வைக்கும் கூடையில்) அடையுங்கள். வலையின் அடி விளிம்பை மண்ணில் புதையுங்கள்; நரி பெரும்பாலும் அடியில் தோண்டித்தான் நுழையும். செத்த ஆட்டை வெளியே வீசாமல் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள், அந்த வாடைதான் நரியை அழைத்து வருகிறது. விஷம் வைத்த சடலம் கண்ணில் பட்டால் வெறுங்கையால் தொடாமல் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.