கால் வயிறு காலி: மார்கழிக் குறிப்புகள்

2024 டிசம்பர் 16, திங்கள் (மார்கழி 1)

இன்று முதல் ஒரு மாதம் கோயில்களில் விடியுமுன்பே வெண்பொங்கல். காலை 5.30க்கு ஆசனம் செய்கிறவர்களுக்கு இதைவிடச் சோதனையான மாதம் கிடையாது. ஐந்து மணிக்கு ஒரு தொன்னைப் பொங்கல், அங்கிருந்து நேரே பயிற்சி. கபாலபாதியில் பத்து முறை மூச்சை உதறியதுமே நெய் ஏப்பம் தொண்டைக்கு வந்துவிடும்.

சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் உள்ள இடைவெளிக் கணக்கு பழையதுதான்: முழுச் சாப்பாடு என்றால் 4 மணி நேரம், இட்லி இடியாப்பம் மாதிரி டிபன் என்றால் 2 முதல் 2½, ஒரு பழம் என்றால் 1. தொன்னை சின்னது என்பதால் பலரும் பொங்கலைப் பழத்தின் கணக்கில் வைத்துவிடுகிறார்கள். நெய் கூடக் கூட இரைப்பை காலியாக நேரமாகும். அந்தச் சின்னத் தொன்னைக்கு டிபனுக்கான இடைவெளியே போதாது. வயிறு நிரம்பியிருந்தால் உதரவிதானம் இறங்க இடமில்லாமல் மூச்சு மார்போடு நின்றுவிடும். தோளில் நின்று கால்களை மேலே தூக்கும் சர்வாங்காசனத்தில் உணவுக்குழாயின் கீழ்வாய் தாங்காமல் புளிப்பு மேலேறும்.

தொன்னையை மூடி வீட்டுக்கு எடுத்துப்போங்கள். கடைசியில் மல்லாந்து ஓய்வெடுக்கும் சவாசனம் முடிந்து அரை மணி கழித்துச் சாப்பிடலாம். ஆறிப்போனாலும் பிரசாதம் பிரசாதம்தான்.

டிசம்பர் 18, புதன்

மிதாகாரம் என்றால் ‘கொஞ்சமாகச் சாப்பிடு’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். 15-ஆம் நூற்றாண்டு யோக நூலான ஹடயோகப் பிரதீபிகை அளவே சொல்கிறது: நாலில் ஒரு பங்கைக் காலியாக விட்டு உண்பது. கேரண்ட சம்ஹிதை என்ற இன்னொரு யோக நூல் இன்னும் பிரித்துச் சொல்கிறது: பாதி வயிறு அன்னம், கால் வயிறு தண்ணீர், மீதிக் கால் காற்று உலாவ.

சிக்கல் எங்கே என்றால், வயிற்றுக்கு அளவுகோடு கிடையாது. ‘போதும்’ என்ற சேதி மூளைக்குப் போய்ச்சேரச் சுமார் 20 நிமிடம் பிடிக்கிறது. நம் மதியச் சாப்பாடோ பத்து நிமிடத்தில் முடிந்து கை கழுவியாகிவிடும். முக்கால் வயிறு நிறைந்தது என்று உணரும்போது வயிறு ஏற்கெனவே முட்டியிருக்கும். அதனால் கால் பங்கை வயிற்றில் தேடாமல் தட்டிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஒரு வாரம் உங்கள் வழக்கமான அரிசியை உலையில் போடுமுன் நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் என்றால் அடுத்த வாரம் 75. வெந்தபின் 200 கிராமுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். குறைத்த இடத்தில் ஒரு கரண்டி பொரியல் கூடினால் பாதகமில்லை, அப்பளம் கூடினால் கணக்குக் கெட்டது.

நம் சாப்பாட்டு வரிசையே இதற்கு எதிரி. குழம்புக்கு ஒருமுறை சோறு, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை. மூன்றாவது முறை வயிறு கேட்பதில்லை. ‘மோர்ச்சோறு இல்லாமல் எழுந்திருக்கக் கூடாது’ என்ற பழக்கம்தான் கேட்கிறது. சோறு முழுவதையும் முதலிலேயே போட்டுக்கொண்டு கையால் பிரித்துவிடுங்கள்: பாதி குழம்புக்கு, மீதியில் சரிபாதி ரசத்துக்கும் மோருக்கும். பரிமாறுகிறவர் கரண்டியோடு நின்றால் ‘போதும்’ என்று வாயால் சொன்னால் எடுபடாது. தட்டின் மேல் கையை விரிக்க வேண்டும்.

டிசம்பர் 22, ஞாயிறு

‘32 முறை மென்று தின்னுங்கள்’ என்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. எண்ண ஆரம்பித்ததும் கவனம் எண்ணிக்கைக்குப் போய்விடுகிறது, ருசி போய்விடுகிறது.

கையைப் பாருங்கள், அது போதும். வாயில் ஒரு கவளம் இருக்கும்போதே விரல்கள் அடுத்த கவளத்தைப் பிசைந்து உருட்டி, தட்டின் ஓரத்தில் தயாராக நிறுத்திவிடும். அது காத்திருக்கிறதே என்று வாயில் இருப்பதை விழுங்குகிறோம். அவசரம் பல்லில் இல்லை, விரலில்தான். பயிற்சி இவ்வளவே: கவளத்தை வாயில் வைத்ததும் கையைத் தட்டின் விளிம்பில் சும்மா வைத்துக்கொள்வது, வாய் முழுதும் காலியான பிறகு அடுத்ததைத் தொடுவது. முதல் மூன்று நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். முதல் ஐந்து கவளத்துக்கு மட்டும் செய்தாலே மீதிச் சாப்பாடு நிதானப்பட்டுவிடும்.

குழையப் பிசைந்த தயிர்சாதத்தில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது, மெல்ல ஏதும் இல்லாமல் வழுக்கிப் போய்விடும். சோற்றைக் கொஞ்சம் உதிரியாக வடித்து, நறுக்கிய வெள்ளரியோ துருவிய கேரட்டோ சேர்த்தால் பல்லுக்கு வேலை கிடைக்கும்.

போனை வேறு அறையில் வையுங்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

பிரதீபிகையின் விலக்குப் பட்டியலைப் படித்துவிட்டுக் கலங்கிப்போகிறவர்கள் உண்டு. புளிப்பு, காரம், உப்பு, எண்ணெய், எள், கடுகு, தயிர், மோர், கொள்ளு, பெருங்காயம், பூண்டு. நம் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதிய மாதிரி இருக்கும்! கடுகு தாளிக்காமல், புளி விடாமல் ஒருவர் எத்தனை நாள் தாங்குவார்?

அது நாளெல்லாம் பிராணாயாமத்தில் இருக்கும் சாதகருக்குச் சொன்னது. காலையில் ஒரு மணி நேரம் ஆசனம் செய்துவிட்டு ஆபீஸ் போகிறவர் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே நூல் யோகத்தைக் கெடுக்கும் ஆறைச் சொல்லும்போது மிகையான உணவை முதலில் வைத்துவிட்டு, நியமத்தைப் பிடித்துத் தொங்குவதையும் அந்த ஆறிலேயே சேர்த்திருக்கிறது.

பட்டியலில் உள்ளதில் இரண்டைச் சோதித்துப் பார்க்கலாம். இரவு பூண்டும் மிளகாயும் தூக்கலான குழம்பை விட்டால் காலையில் வாய் கசப்பும் நெஞ்செரிச்சலும் குறைகிறதா? இரவு எண்ணெய்ப் பண்டத்தை விட்டால் முன்குனியும் ஆசனத்தில் வயிறு இடிக்காமல் இருக்கிறதா? பத்து நாள் போதும், உடம்பு பதில் சொல்லிவிடும். கடுகைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது ஒரு டீஸ்பூன் சமாசாரம்.

2025 ஜனவரி 4, சனி

பயிற்சிக்குப் பிறகு சாப்பிடும் பொங்கல், ஒருவருக்கு: பச்சரிசி 40 கிராம், பயத்தம்பருப்பு 20, தண்ணீர் 300 மில்லி, கால் டீஸ்பூன் மிளகு, அரை டீஸ்பூன் சீரகம், சுண்டுவிரல் நுனியளவு இஞ்சி, நெய் 2 டீஸ்பூன். பருப்பை வாசனை வரும்வரை மட்டும் வறுக்கவும், சிவந்தால் வேகத் தாமதமாகும். குக்கரில் 5 விசில்.

பொங்கல் ஆற ஆற இறுகும். இறுகியதை இளக்க இன்னொரு கரண்டி நெய் ஊற்றுவதுதான் வீட்டு வழக்கம். சாப்பிட்டதும் தூக்கம் கண்ணைச் சுழற்றுவதில் அந்தக் கரண்டிக்கும் பங்கு உண்டு. அரை டம்ளர் கொதிக்கும் வெந்நீர் விட்டுக் கிளறினாலே இளகிவிடும். நெய்யைக் கடைசியில், தட்டில் விட்டால் கம்மியாக விட்டாலும் மணக்கும். கூட ஒரு உளுந்துவடை வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

ஜனவரி 9, வியாழன்

நாளை வைகுண்ட ஏகாதசி. இங்கே ஒரு வேடிக்கை: புதிதாக யோகம் பழகுகிறவர் தவிர்க்க வேண்டியவை என்று பிரதீபிகை சொல்வதில் விடியற்காலைக் குளியலும் உபவாசமும் இருக்கின்றன. மார்கழியில் நாம் விடாமல் செய்கிற இரண்டும் அவையே. விரதம் இருப்பவர்கள் நாளை தலைகீழ் ஆசனங்களையும் கபாலபாதியையும் விட்டுவிட்டு, மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சுவிடும் நாடிசுத்தி 10 நிமிடம், சவாசனம் 10 நிமிடம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்த வேண்டாம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை வந்தால் விரதத்தை அங்கேயே முடித்து 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும்; 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடியும்.

‘அரிசிதானே கூடாது’ என்று ரவை உப்புமா, ஜவ்வரிசி, வள்ளிக்கிழங்கு என மூன்று வேளையும் ஏற்றுவதற்குப் பேசாமல் மோர்ச்சோறே சாப்பிடலாம். வயிற்றுக்கு அது விரதமில்லை, மெனு மாற்றம்.

ஜனவரி 11, சனி

துவாதசிப் பாரணை, அதாவது விரதத்தை முடிக்கும் சாப்பாடு. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். ஒரு நாள் சும்மா இருந்த வயிற்றில் எடுத்ததும் முழுச் சாப்பாடு இறங்கினால் உப்பிக்கொள்ளும், சிலருக்கு உடனே வயிற்றால் போகும். முதலில் வெந்நீர், பிறகு ஒரு நெல்லிக்காயைத் தயிரில் அரைத்த பச்சடி, கால் மணி கழித்துக் குழைந்த சோறு, வழக்கத்தில் பாதி. கீரை ஒரு கைப்பிடி. பயத்தம்பருப்பும் தேங்காயும் சேர்த்தால் கசப்பு அடங்கும். அகத்தி மருந்தை முறிக்கும் என்பது சித்த வைத்தியர்களின் எச்சரிக்கை, நாட்டு மருந்து சாப்பிடுபவர்கள் கீரையை விட்டுவிட்டு மற்றதைச் சாப்பிடலாம்.

மதியம் வழக்கம்போல். நாளை 5.30க்கு முழுப் பயிற்சி, இன்று இரவு எட்டு மணிக்குள் இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்ளுங்கள்.