கோர்ட்டினாவுக்கு எலெக்ட்ரிக் பம்ப்: எந்த கம்பெனி என்பது இரண்டாவது கேள்வி

என் பழைய ஃபோர்டு கோர்ட்டினாவில் எலெக்ட்ரிக் ஃப்யூவல் பம்ப் போட்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது "எந்த கம்பெனி?" என்றுதான். கோயில் கார் பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்தால் போதும், நாலு பேர் கூடிவிடுவார்கள். டர்பனின் சட்ஸ்வொர்த்தில் பழைய கார் வைத்திருப்பவனுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் "எத்தனை பிஎஸ்ஐ?", அதாவது எவ்வளவு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அந்த எண்ணுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி மாமனாருடையது. 1969 மார்க் 2, 1600 கென்ட் எஞ்சின், போர்ட் எலிசபெத்தில் ஃபோர்டு கட்டிய வண்டி. டர்பனுக்குள் ஓட்டும்வரை குறையே சொல்ல முடியாது. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் மைத்துனி வீடு. அங்கே போக என்3 நெடுஞ்சாலையில் ஏறினால்தான் வம்பு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்திலேயே இருமத் தொடங்கும். டிசம்பர் வெயிலில் வான் ரீனன் கணவாய் ஏறும்போது, லாரிகளுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்தால், எஞ்சின் அப்படியே அடங்கிவிடும். அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். இதற்குப் பெயர் வேப்பர் லாக்: பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைப்பது.

காரணம் எளிது. பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் பிளாக்கில் போல்ட் போட்டு நிற்கிறது. கேம் ஷாஃப்ட் அதன் கையைத் தள்ளுகிறது. பிளாக்கின் சூடெல்லாம் அதற்கு வரும். அது போதாதென்று, டிக்கி பக்கம் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். வான் ரீனன் கணவாயின் உயரம் 1,680 மீட்டர் அளவில். கடலோரத்தில் காற்றழுத்தம் சுமார் 14.7 பிஎஸ்ஐ என்றால் அங்கே 12-தான். கீழே குழாயில் ஒழுங்காக ஓடிய பெட்ரோல் மேலே போனதும் ஆவியாகிவிடுகிறது. பம்ப்பின் டயாஃப்ரம் ஆவியைத்தான் அடித்துக்கொண்டிருக்கும். கார்புரேட்டருக்கு ஒரு சொட்டும் போகாது.

இப்போது டேங்க் பக்கத்தில் ஒரு பம்ப்பை வைத்து, 3 பிஎஸ்ஐ அழுத்தத்தில் முன்னால் தள்ளினால்? 12-ம் 3-ம் 15. அதாவது பம்ப்பிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள குழாய்க்கு, தான் டர்பன் கடற்கரையில் இருப்பதாகவே நினைப்பு. இந்தக் கூட்டலை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்றுதான் எலெக்ட்ரிக் பம்ப் என்று முடிவு செய்தேன்.

ஆனால் எல்லோருக்கும் இது தேவையில்லை. நல்ல நிலையில் உள்ள மெக்கானிக்கல் பம்ப் அருமையான சாதனம்: வயர் இல்லை, ஃபியூஸ் இல்லை, எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். முதலில் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா, டேங்குக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, ஃபில்டர் அழுக்கா என்று பாருங்கள். உறிஞ்சும் பக்கத்து வெடிப்பில் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணில் படாது. அப்புறம் எஞ்சின் ஆயில் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சினின் ஆயில் தொட்டியில் இறங்குகிறது என்று அர்த்தம். அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

சரி, வாங்கப் போகிறோம். ஸ்பேர்ஸ் கடைக் கவுன்டரில் "எலெக்ட்ரிக் பம்ப் கொடுங்கள்" என்று மொட்டையாகச் சொன்னால் கையில் வருவது பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப். பெட்டியில் 3 என்றுதான் போட்டிருக்கும், ஆனால் அது 3 பார். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைத்துத் திறப்பது மிதவை தாங்கிப் பிடிக்கும் ஒரு சின்ன நீடில் வால்வு. என் வெபர் கார்புரேட்டருக்கு 3 பிஎஸ்ஐ சுற்றுவட்டாரம் போதும். எஸ்யூ, ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்கள் என்றால் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வைப்பார்கள். அங்கே 43 பிஎஸ்ஐ வந்தால் மிதவையால் என்ன செய்ய முடியும்? பெட்ரோல் பொங்கி, சூடான எஞ்சின் மேலேயே வழியும். எனக்கும் கவுன்டரில் அதே பம்ப்பைத்தான் நீட்டினார்கள். "இது இன்னும் பவர்ஃபுல், அண்ணே" என்று வேறு சொன்னான் பையன். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தேன்.

அளவைப் பற்றியும் பலருக்கு வீண் பயம். 75 குதிரைசக்தி எஞ்சின் முழு மூச்சில் ஓடினாலும் மணிக்கு 23 லிட்டர் போலத்தான் குடிக்கும். ஃபாசெட் கம்பெனியின் கியூப் என்ற சின்ன பம்ப்பே நூறு லிட்டர் வரை தள்ளும். ஆகவே லிட்டர் கணக்கை விடுங்கள், அழுத்தத்தைப் பாருங்கள்.

நான் எடுத்தது அந்த கியூப்தான், குறைந்த அழுத்த வகை. உள்ளே பாயின்ட் (கரண்டை விட்டுவிட்டுத் தரும் தொடுமுனை) எதுவும் கிடையாது. பழைய எஸ்யூ பம்ப்பில் பாயின்ட் உண்டு. மோரிஸ் மைனர்காரர்களுக்கு இந்தக் கதை தெரியும், அவர்கள் வண்டியில் பிறவியிலேயே எலெக்ட்ரிக் பம்ப்தான். பாயின்ட் ஒட்டிக்கொண்டால் ஸ்பேனரால் ஒரு தட்டு. டிக் டிக் என்று மறுபடி உயிர் வரும். ஹார்டி என்று ஜெர்மனிக்காரர்களின் டயாஃப்ரம் பம்ப் இருக்கிறது, சத்தம் குறைவு, விலை கடி. கியூப் மாதிரியே அச்சு அசலாகத் தெரியும் மலிவு பம்ப்களும் நிறைய வருகின்றன. பெட்டி மேல் எழுதியிருக்கும் அழுத்தத்தை கேஜ் வைத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. ரெகுலேட்டர் வேண்டுமா என்றால், பம்ப்பே குறைந்த அழுத்தம் என்றால் வேண்டாம். ஒரு இணைப்பு கூடினால் ஒழுகும் இடமும் ஒன்று கூடும்.

இந்த பம்ப்களுக்குத் தள்ளத் தெரியும், இழுக்கத்தான் சோம்பல். அதனால் டேங்குக்குப் பக்கத்தில், டேங்கின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக, ஆனால் கல் அடிக்காத இடத்தில். நான் பின்பக்கச் சட்டத்தின் உள்முகத்தில், ரப்பர் புஷ் கொடுத்து மாட்டினேன். ரப்பர் இல்லாமல் மாட்டினால் அந்தக் கடகடப்பு பின் சீட் வரை வந்து மாமியாரின் தூக்கத்தைக் கெடுக்கும். வெளியேறும் முனை மேல் நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், காற்றுக் குமிழி தானாக வெளியேறும். பம்ப்புக்கு முன்னால் கட்டாயம் ஒரு ஃபில்டர். ஐம்பது வருட டேங்கின் துரு ஒரு துகள் போனாலும் உள்ளே இருக்கும் வால்வு மூடாது. ஹோஸ் வாங்கும்போது மேலே ஜே30 ஆர்9 என்ற பெட்ரோல் ஹோஸ் தரக் குறியீடு அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். எட்டு மில்லிமீட்டர் தண்ணீர் ஹோஸும் கச்சிதமாகப் பொருந்தும்தான். சில மாதத்தில் உப்பிப்போகும்.

வயரிங்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சாவி போட்டால் ஓடும்படி நேராக ஒரு வயர் கொடுத்தாலும் பம்ப் ஓடும். பலர் அப்படியே விட்டிருக்கிறார்கள். எங்கேயாவது மோதி, முன்னால் குழாய் அறுந்து, ஓட்டுநர் மயங்கிக் கிடந்தால், சாவி போட்டபடி இருக்கும். பம்ப் தன்பாட்டுக்கு டேங்க் காலியாகும் வரை பெட்ரோலைத் தெருவில் கொட்டும். மெக்கானிக்கல் பம்ப் இந்தத் தப்பைச் செய்யவே செய்யாது. நாம் அதை எடுத்துவிட்டோம் என்றால் அது கொடுத்த பாதுகாப்பை நாம்தான் திருப்பி வைக்க வேண்டும்.

நான் இரண்டு வைத்தேன். ஒன்று, டாக்கோமெட்ரிக் ரிலே. இக்னிஷன் காயிலின் மைனஸ் முனையிலிருந்து துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் நின்றால் துடிப்பு நிற்கும், பம்ப்பும் நிற்கும். சாவி போட்டதும் ஓரிரு விநாடி மட்டும் ஓட விடும் வகையாகப் பார்த்து வாங்கினேன். இன்னொன்று இன்னர்ஷியா சுவிட்ச். காந்தம் பிடித்து வைத்திருக்கும் ஓர் எஃகுக் குண்டு, மோதினால் எகிறிக் கரண்டைத் துண்டிக்கும். மேலே பட்டனை அழுத்தினால் பழையபடி. இன்ஜெக்‌ஷன் ஃபோர்டுகள், லேண்ட் ரோவர்கள் உடைக்கும் ஸ்கிராப்யார்டில் கிடைக்கும். நிமிர்ந்த நிலையில், ஆடாத இரும்பில் மாட்ட வேண்டும், கை எட்டும் இடமாகவும் இருக்க வேண்டும். பம்ப் இழுப்பது இரண்டு ஆம்பியருக்குள்தான், ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஆனால் பின்பக்கம் வரை போகும் வயர் தடிமனாக இருக்கட்டும், எர்த் போடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள். டைனமோ வண்டியில் ஐடிலில் வோல்டேஜே தகராறு.

மெக்கானிக்கல் பம்ப்பைச் சும்மா அப்படியே விட்டு பைபாஸ் செய்யலாமே என்றார் ஃபீனிக்ஸிலிருந்து உதவிக்கு வந்த மெக்கானிக் அண்ணன். நான் கழற்றிவிட்டேன். கென்ட்டில் இரண்டு போல்ட்தான், ஒரு தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடினால் முடிந்தது. பிறகு கார்புரேட்டர் பக்கம் ஒரு டி-இணைப்பில் கேஜ் மாட்டிப் பார்த்தோம். 3-க்குச் சற்றுக் கீழே முள் அசையாமல் நின்றது. டேங்கை நிரப்பி ஒவ்வொரு கிளிப்பையும் டார்ச் அடித்து, விரலால் தடவிப் பார்த்து, எஞ்சினைச் சூடாக்கி மறுபடி பார்த்தோம். சத்தத்தையும் பழகிக்கொள்ளுங்கள்: முதலில் வேகமாக டடடட, கார்புரேட்டர் நிறைந்ததும் நிதானம். நின்ற வண்டியில் வேகம் குறையவே இல்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பெட்ரோல் போகிறது.

வான் ரீனனில் இப்போது நிற்பதில்லை. வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த பிறகு ஸ்டார்ட் செய்வதும் சுலபம், வற்றிய கார்புரேட்டரை பம்ப்பே நிரப்பிவிடுவதால் பேட்டரியை வதைக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் தீரவில்லை. ஹாரிஸ்மித்தில் டீ குடிக்க நிறுத்திவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. அது குழாயில் அல்ல, கார்புரேட்டர் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதிப்பது. எந்த பம்ப்பும் அதைச் சரிசெய்யாது. எஞ்சின் சூடு ஏறாமல் தடுக்க கார்புரேட்டருக்கு அடியில் தடித்த பேக்கலைட் ஸ்பேசர் ஒன்று போடவேண்டும், தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் சித்தப்பா தன் நிஸான் 1400 பக்கிக்கும் (சின்ன பிக்கப் வண்டி) இதே பம்ப் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். குனிந்து பார்த்தேன். டேங்க் பக்கத்து ஹோஸ் நீளவாக்கில் வெடித்திருக்கிறது. அரை மீட்டர் ஹோஸும் இரண்டு கிளிப்பும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.