கட்டுச்சோறு இருக்கும் வண்டி

அலுவலக நண்பர்கள் மேற்கு வர்ஜீனியாவில் இருக்கும் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் காட்டுப் பாதைகளுக்குக் கிளம்பினார்கள். எல்லாரும் அங்கேயே, இந்த மாதிரிப் பாதைக்கென்று செய்த நான்கு சக்கர வண்டிகளைப் புதிதாகப் பார்த்து வாடகைக்குப் பேசிவிட்டார்கள். 1000 சிசி, ஸ்டீயரிங், கூரை, சீட் பெல்ட், பாட்டு கேட்க ஸ்பீக்கர் வேறு. எனக்கு மட்டும் சார்லட்டில் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னுடைய ஹோண்டா ஃபோர்ட்ராக்ஸ் 300 என்ற, பைக் மாதிரி ஏறி உட்காரும் நான்கு சக்கர வண்டியை டிரெய்லரோடு சும்மா கொடுத்தார். 1995 மாடல், விறகு இழுக்க வைத்திருந்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நான் பார்க்கவில்லை. நண்பர்கள் பார்த்தார்கள்.

"மச்சி, இது வண்டியா, தண்ணி மோட்டாரா?"

கொடுத்தவர் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார்: "சாப்பாட்டுப் பெட்டியை நீ வாங்கி வைத்துக்கொள்." மனிதர் ஏதோ நல்ல பழக்கம் சொல்லித் தருகிறார் என்று நினைத்தேன்.

டக் ஃபோர்க் ஆற்றின் இந்தப் பக்கம் ஹாட்ஃபீல்ட் குடும்பம், கென்டக்கிப் பக்கம் மெக்காய் குடும்பம். ஒரு பன்றி யாருடையது என்று 1878-இல் வழக்கு நடந்து, அப்புறம் துப்பாக்கிச் சண்டைவரை போன பரம்பரைப் பகை. இன்று அந்தப் பகையின் பெயரில்தான் அனுமதிச் சீட்டு விற்கிறார்கள். பாதைகளைத் திறந்தது 2000-இல். அப்போதே என் வண்டிக்கு ஐந்து வயது.

சீட்டு வாங்கி, ஹெல்மெட் மாட்டி நிற்கும்போது ஒரு நண்பன் பின்னால் ஏறி உட்காரப் பார்த்தான். ஊரில் டிவிஎஸ் 50-இல் மூன்று பேர் போன தைரியம். ஒருவர் ஓட்டுவதற்கென்று செய்த வண்டியில் இன்னொருவரை ஏற்ற இங்கே அனுமதி இல்லை. நல்ல விதி. அவன் எடை எனக்குத் தெரியும்.

காட்டுக்குள் நுழைந்ததும் ஒன்று புரிந்தது. மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதையில் 1000 சிசிக்கு வேலையே இல்லை. என்னுடைய 282 சிசி, முதல் கியரில், அவசரமில்லாத எருமை போல மேட்டில் ஏறிவிடுகிறது. கியரைக் காலால் மாற்ற வேண்டும், ஆனால் கையில் கிளட்ச் கிடையாது. நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும், அதற்கென்று தனிப் பொத்தான் இல்லை. எஞ்சின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக, அவர்கள் வண்டியில் இருப்பதுபோல் நழுவும் பெல்ட் இல்லை, சேறு அடைக்க ரேடியேட்டர் இல்லை. இல்லாதவற்றைச் சொல்லித்தான் இந்த வண்டியைப் புகழ முடிகிறது.

வினை ஆரம்பித்தது சரளைச் சாலையில். ஒரு காட்டுப் பாதைக்கும் அடுத்ததற்கும் இடையே பழைய நிலக்கரிச் சாலைகள் நேராகப் போகும். அங்கே அவர்கள் போன இடத்தில் புழுதி மட்டும் இருந்தது. பின்சக்கரம் இரண்டுக்கும் ஒரே அச்சு என்பதால், இடது சக்கரத்தில் ஏறிய கல்லை வலது இடுப்பும் விசாரித்தது. நீர்க்குட்டையைத் தாண்டினால் நனைந்த ட்ரம் பிரேக் சற்று நேரம் யோசிக்கும். லேசாக அழுத்தியபடியே ஓட்டிக் காயவைக்க வேண்டும்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. எதிரே வருகிறவருக்கு, நமக்குப் பின்னால் எத்தனை வண்டி வருகிறது என்று விரல் காட்ட வேண்டும். கடைசி ஆள் முஷ்டியை மடக்கிக் காட்ட வேண்டும். எனக்குக் கணக்குப் போடும் தொல்லையே இல்லை, எப்போதும் முஷ்டிதான். ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள், முன்னால் போனவர்கள் விரல் காட்டியதை எதிரே வந்தவர்கள் மறந்தே போயிருப்பார்கள். திடீரென்று ஒருவன் தனியாக வந்து முஷ்டியைத் தூக்கினால் என்ன நினைப்பார்கள்? ஒருவர் பதிலுக்கு முஷ்டியைத் தூக்கி, "விடாதே" என்று கத்தினார்.

ஒரு சந்திப்பில் என்னை முன்னால் விட்டுப் பார்த்தார்கள். வேகம் குறைவானவர் முன்னால் போனால் யாரும் தொலைய மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் 1000 சிசி வைத்திருப்பவனை என் பின்னால் வரச் சொன்னால் அவன் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். கொஞ்ச தூரத்திலேயே மறுபடி கடைசிக்கு வந்துவிட்டேன்.

பண்ணை வேலைக்குச் செய்த வண்டி, முன்னும் பின்னும் இரும்புக் கேரியர் இருக்கிறது. அதைக் கவனித்த பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். "மழைக்கோட்டு மட்டும் வைத்துக்கொள்", "இழுவைக் கயிறு உன்கிட்டயே இருக்கட்டும்", "தண்ணீர் பாட்டில்தானே". பின்னால் கனம் ஏற ஏற, மேட்டில் முன்சக்கரம் லேசாகி மிதக்க ஆரம்பித்தது. ஹேண்டில்பாரில் நெஞ்சைச் சாய்த்து ஏறினேன். இவ்வளவுக்கும் அடியில் அந்தச் சாப்பாட்டுப் பெட்டி: எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம், ஊறுகாய்.

பதினொன்றரைக்கு மேல் அதிசயம் நடந்தது. சந்திப்புக்குச் சந்திப்பு காத்திருந்தார்கள். வளைவில் நான் தெரியத் தாமதமானால் ஒருவன் திரும்பியே வந்துவிட்டான். "வண்டிக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டபோது அவன் கண் என் மேல் இல்லை, வண்டி மேலும் இல்லை. பெரியவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. பெட்டியை நான் மதியம் திறக்க விடவில்லை. கில்பர்ட் ஊருக்குள் இந்த வண்டியோடே போகலாம், அங்கே பெட்ரோல் போட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்று தள்ளிப்போட்டேன். ஊர்வரை யாரும் என்னை முந்தவில்லை.

இப்படிப் பழைய பண்ணை வண்டியோடு கூட்டமாகப் போகலாமா என்று அடுத்த வாரம் ஒருவர் கேட்டார். கூட யார் வருகிறார்கள், என்ன வேகத்தில் போவார்கள் என்று முதலில் கேளுங்கள், தயிர்சாதம் கொஞ்சம் கூடவே கட்டுங்கள் என்றேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது பெரியவர் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். வாடகை எவ்வளவு என்று மரியாதைக்குக் கேட்டேன். கொல்லையில் ஒரு ஓக் மரம் சாய்ந்து கிடக்கிறது, சனிக்கிழமை காலையில் வந்துவிடு என்றார்.