மோதிர விரல்

ஜூன் 24, 2025

விரலில் பட்டை போட்டு 9ஆம் நாள். பட்டை நகரவில்லை. நுனி தொங்கவில்லை.

நேற்று தாய்லாந்தின் சியாங் மாயில், பெண்கள் கால்பந்தில் இந்தியா மங்கோலியாவை 13-0 என்று அடித்துவிட்டது. எல்லாரும் கோல் போட்டவர்களைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு நம் கீப்பரின் நினைப்புதான். 13 கோல் விழும் மேட்சில் இந்தப் பக்கம் பந்தே வராது. உடம்பு ஆறிவிடும். ஆறிப்போன உடம்புக்கு ஒரே ஒரு பந்து வந்தால் அதுவே கோல். செகண்ட் இயரில் அப்படி ஒரு மேட்ச் ஆடினேன். முதல் பாதியில் என் கைக்கு வந்தது இரண்டே பந்து, இரண்டும் பேக் பாஸ். போஸ்ட்டைத் தொடுவேன், பாக்ஸ் கோடு வரை நடப்பேன், திரும்புவேன், எனக்கு முன்னால் தடுத்து ஆடும் பேக்குகளைப் பேர் சொல்லிக் கத்துவேன். அன்று தொண்டை கட்டியதுதான் மிச்சம், ஆனால் ஒரு நொடி கூட மேட்சை விட்டு வெளியே போகவில்லை.

ஜூன் 26, 2025

டிரையல் வைத்த கிளப்பிலிருந்து போன் வரவில்லை.

ஜூன் 30, 2025

15. சோப்புப் போடும்போதுதான் பயம். பட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் மேஜை விளிம்பில் விரலை ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும், நுனி ஒரு தடவை மடங்கினாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆறு வாரம், இரவும் பகலும். அம்மா என் கையை மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வாள். நான் துடைப்பேன். பட்டைக்கு அடியில் தோல் வெளுத்து, தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி இருக்கிறது. வலி கொஞ்சமும் கிடையாது. வலித்தால் ஜாக்கிரதையாக இருப்பேன், இது வலிக்காமல் ஏமாற்றுகிறது.

பக்கத்து வீட்டு ஆயா தினமும் வந்து, "கொண்டா, சுளுக்கு வழிச்சுவிடுறேன்" என்கிறது. கையைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். சுளுக்கு இல்லை ஆயா, நுனியை நிமிர்த்தும் நரம்பு அறுந்துவிட்டது என்றால் அதற்குப் புரியவில்லை. பந்து நேராக விரல் நுனியில் இடித்தது, அவ்வளவுதான். நான் அந்தப் பந்தைப் பிடித்தும்விட்டேன்.

அப்பா விடியற்காலையில் கரைக்கு வந்தார். தடைக்காலம் முடிந்து இரண்டு வாரம் ஆகியும் சரியான மீன் பாடு இல்லையாம். சாப்பிடும்போது கேட்டார்: "அந்த கிளப்புல மாசம் எவ்வளவு தருவாங்க?" 2023இல் இந்தியக் கால்பந்து ஃபெடரேஷன் ஒரு விதி கொண்டு வந்தது, பெண்கள் லீக்கில் ஆடும் கிளப் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சமாவது கொடுத்து ஒப்பந்தம் போட வேண்டும் என்று. அதைச் சொன்னேன். அந்தப் பத்துப் பேரில் மூன்றாவது கீப்பர் வருவாளா என்பதைச் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

அம்மாவுக்கு ஒரே பாட்டு. "இந்துமதியைப் பாரு, இந்தியாவுக்கும் ஆடுச்சு, எஸ்.ஐ.யும் ஆச்சு." நம்ம கடலூர்ப் பெண், கொரோனா சமயத்தில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு சென்னையில் ரோட்டில் நின்ற அக்கா. அம்மா சொல்வது தப்பே இல்லை. இரண்டு வருஷம் முன்னால் இதே வாரம் அமிர்தசரஸில் தமிழ்நாடு ஹரியானாவை 2-1 என்று ஜெயித்து நேஷனல் சாம்பியன் ஆனபோது, ஹாஸ்டலில் நாங்கள் தட்டைத் தட்டிக்கொண்டு ஓடினோம். அந்த அணியில் எத்தனை பேர் வேலைக்காக ஆடினார்கள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை.

ஜூலை 1, 2025

இன்று முதல் புது விதி. கீப்பர் கையில் பந்தை 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 நொடியை ரெஃப்ரி கையை உயர்த்தி விரல் விட்டு எண்ணுவார். தலையணையைக் கட்டிப்பிடித்து எண்ணிப் பார்த்தேன். 8 நிறைய நேரம். விழுந்து, எழுந்து, ஓடி, பார்த்து எறிய 6 போதும்.

ஜூலை 5, 2025

ஜெயிச்சாச்சு!!! தாய்லாந்தை, அவர்கள் ஊரிலேயே, 2-1. சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல். ஆசியக் கோப்பைக்குத் தகுதிச் சுற்று ஆடி இந்தியா உள்ளே போவது இதுதான் முதல் முறை. 2022இல் நம் நாட்டிலேயே நடந்தும் கொரோனாவால் பாதியில் வெளியேறினோமே, அந்த வயிற்றெரிச்சல் இன்றைக்குத்தான் கொஞ்சம் அடங்கியது. 74ஆவது நிமிடத்தில் அந்த இரண்டாவது கோல் விழுந்ததும் கட்டிலை விட்டுக் குதித்துக் கையைத் தட்டினேன்.

பட்டை பறந்து போய்க் கதவோரம் விழுந்தது.

நுனி தொங்குகிறது.

ஜூலை 6, 2025

1.

ஜூலை 10, 2025

முதல் போஸ்ட், பந்து வரும் பக்கத்துக் கம்பம். எங்கள் ஃபைனலின் 88ஆவது நிமிடம். தூங்கப் போகும்போதெல்லாம்.

ஜூலை 13, 2025

8. ட்ரங்குப் பெட்டியைத் திறந்து கிளவுஸை எடுத்தேன். ஒரு மாதமாகத் தண்ணீர் காட்டாததால் உள்ளங்கை லேடெக்ஸ் காய்ந்து, இடது கையில் பொருக்குத் தட்டிவிட்டது. லேடெக்ஸுக்கு ஈரம் வேண்டும், காய்ந்தால் பந்து வழுக்கும். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, வலது கையால் மட்டும் பிசைந்து பிசைந்து அலசினேன். தேவனாம்பட்டினம் மணல் இன்னும் தையலுக்குள் இருந்து வந்துகொண்டே இருந்தது. பிழியக் கூடாது, அழுத்தி எடுத்து நிழலில் வைக்க வேண்டும். வைத்திருக்கிறேன். மோதிர விரல் பக்கம் கொஞ்சம் பிதுங்கி நிற்கிறது.

விரலுக்கு முட்டுக்கொடுக்கும் பட்டிகள் வைத்த கிளவுஸ் கடையில் இருந்தது. பந்து கையில் படும் உணர்வு போய்விடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

ஜூலை 17, 2025

இந்தியாவுக்குக் கீப்பராக ஆடிய அதிதி சவுகான் ஓய்வு பெற்றுவிட்டார். 32 வயசுதான்.

இங்கிலாந்தின் லஃப்பரோவில் மேல்படிப்புப் படிக்கப் போனவர், 2015இல் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணிக்குக் கீப்பர் ஆனார். இங்கிலாந்தில் ஆடிய முதல் இந்தியப் பெண். நான் அப்போது சின்னப் பெண், அந்தப் படத்தைப் பேப்பரில் வெட்டிக் கணக்கு நோட்டில் ஒட்டி வைத்தேன். காலேஜிலிருந்து கிளப்புக்குப் போக ஒரு வழி இருக்கிறது என்று எனக்குக் காட்டியது அந்த ஒரு படம். நோட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை. அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டிருப்பாள்.

ஜூலை 20, 2025

விடிய விடியத் தூங்கவில்லை. பெண்கள் ஐரோப்பியக் கோப்பை, ஜெர்மனி - பிரான்ஸ். ஜெர்மனிக்கு 13ஆவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை. அப்புறம் 10 பேர், எக்ஸ்ட்ரா டைம் வரை. ஜெர்மனியின் கீப்பர் ஆன்-கேத்ரின் பெர்கர், 34 வயசு. இரண்டு தடவை தைராய்டு புற்றுநோய் வந்து மீண்டவர். தன் பேக்கின் தலையில் பட்டு கோலுக்குள் போகப் பார்த்த பந்தைப் பின்பக்கமாகவே பாய்ந்து, கோட்டின் மேல் வைத்து ஒற்றைக் கையால் தட்டிவிட்டார். நான் வாயில் துணியை வைத்துக்கொண்டு கத்தினேன், கையை மட்டும் அசைக்கவில்லை. பெனால்டியில் இரண்டைத் தடுத்தார், ஒன்றைத் தானே போய் அடித்தார்.

15ஆம் நாள். பின்பக்கமாக. எப்படிக் கால் வைத்தார் என்று இருபது தடவை பார்த்துவிட்டேன்.

ஜூலை 24, 2025

அதே பெர்கர். நாலே நாளில்.

ஸ்பெயினோடு அரையிறுதி. 0-0, 113ஆவது நிமிடம். ஐடானா பொன்மதி பக்கவாட்டில், கோல் கோட்டுக்குக் கிட்டே. அந்தக் கோணத்தில் யாரும் அடிக்க மாட்டார்கள், உள்ளேதான் தள்ளுவார்கள். பெர்கரும் அப்படித்தான் நினைத்து ஓர் எட்டு நடுவே நகர்ந்தார். பந்து அவருக்கும் முதல் போஸ்ட்டுக்கும் நடுவே போய்விட்டது. ஆட்டம் முடிந்த பிறகு, அது என் தவறு, முதல் போஸ்ட்டை நான் அடைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன்.

ஏனென்றால் எனக்குத் தெரியும், அந்த ஒரு எட்டு. எங்கள் ஃபைனலில் எதிரணியின் லெஃப்ட் விங் கோட்டோரம் வந்தாள். தலையை நிமிர்த்தி உள்ளே பார்த்தாள். அவள் கண் போன பக்கம் என் காலும் போனது. எனக்கும் போஸ்ட்டுக்கும் நடுவே இரண்டு பந்து அகலம்தான் இருந்திருக்கும். வலைக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் பந்து மோதிய சத்தம், தகரத்தில் கல் விழுந்த மாதிரி. யாரும் என்னைத் திட்டவில்லை. கோச் சார் கூட, "விடும்மா, சீசன் முழுக்க நீதான காப்பாத்தின" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூணு வருஷம் காலேஜ் கிரவுண்டில் விழுந்து எழுந்தது எல்லாம் அந்த ஒரு எட்டில் போய் நிற்கிறது. செலக்டர்கள் அன்றைக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கப்புறமும் டிரையலுக்குக் கூப்பிட்டார்களே என்று சார் சொல்கிறார். ஆமாம், கூப்பிட்டார்கள். அந்த டிரையலில்தான் விரல்.

பெர்கர் மாதிரி என் தவறு என்று வெளியே சொல்ல எனக்கு ஒருத்தரும் மைக் நீட்டவில்லை. இங்கே எழுதுகிறேன். முதல் போஸ்ட்டை நான் விட்டேன்.

ஜூலை 25, 2025

இல்லை. போன் இல்லை.

ஜூலை 28, 2025

23. பழைய கணக்குப்படி இன்று 43. பட்டையைக் கழற்றியிருப்பேன்.

நேற்று ராத்திரி ஐரோப்பியக் கோப்பை ஃபைனல். இங்கிலாந்துக்குக் கீப்பர் ஹானா ஹாம்ப்டன். பெனால்டியில் ஸ்பெயினின் கால்டென்டேயையும் பொன்மதியையும் தடுத்தார், 3-1. போன உலகக் கோப்பையில் ஒரு மேட்ச் கூட ஆடாமல் பெஞ்சில் இருந்தவர். பிறவியிலேயே மாறுகண். மூணு வயசுக்குள் பல ஆபரேஷன். கால்பந்து உனக்கு ஆகாது என்று டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள். தூரம் சரியாகத் தெரியாததால், டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதே இன்றும் அவருக்குக் கஷ்டமாம். கீழே சிந்திவிடுமாம்.

காலையில் டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். சிந்தியது.

ஜூலை 29, 2025

வந்தது. மூணு மணிக்கு. சிக்னல் கிடைக்கவில்லை என்று கடற்கரை வரை செருப்பில்லாமல் ஓடினேன்.

மூன்றாவது கீப்பர். ஒரு சீசன். பணத்தைப் பற்றி நேரில் பேசலாம் என்றார்கள். ஆகஸ்ட் 10 கேம்ப். "ஃபிட்டா இருக்கீங்கல்ல?"

இரண்டு நாளாக அம்மா, அண்ணன், சார் எல்லாரும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: கேட்டால் ஆமான்னு சொல்லு, போய்ப் பார்த்துக்கலாம். மூன்றாவது கீப்பரை யார் மேட்சில் இறக்கப்போகிறார்கள், வார்ம்-அப்பில் சமாளித்துவிடலாம் என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஒருநாள் முதல் கீப்பருக்கு அடிபடும், இரண்டாவது கீப்பருக்குக் காய்ச்சல் வரும், என்னை இறக்குவார்கள். அப்போது கிளவுஸுக்குள் மடங்கின விரலோடு நான் நிற்பேன். எனக்கு முன்னால் நாலு பேர் என்னை நம்பி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

சொல்லிவிட்டேன். "சார், விரல்ல பட்டை போட்டிருக்கேன். ஆகஸ்ட் 16 வரைக்கும் கழட்டக் கூடாது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அலைச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். "டாக்டர் பேப்பர் அனுப்பும்மா, பார்க்கிறோம்" என்றார்.

வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 31, 2025

26. அண்ணா ஸ்டேடியம் போனேன். சார் பந்தைத் தொடவிடவில்லை, கால் வேலை மட்டும். இடது கையை நெஞ்சோடு சேர்த்துத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டேன். நடுவிலிருந்து முதல் போஸ்ட்டுக்கு, திரும்ப நடுவுக்கு. கோல் 7.32 மீட்டர் அகலம், பாதி 3.66. எனக்கு மூணு எட்டு. நாற்பது தடவை போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் போஸ்ட்டை வலது கையால் தொட்டேன். வெயிலில் சுட்டது.

அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பட்டையைத் துடைக்கும்போது வழக்கத்தைவிட அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 2, 2025

28. டாக்டர் பேப்பர் அனுப்பியாச்சு. இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது.