ஏழு பீரியட்

பிப்ரவரி 2
மகளின் பதினொன்றாம் வகுப்புக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் போர்ட்டல் திறந்தாயிற்று. 21 கடைசி.

பிப்ரவரி 4
ஏழு பீரியட். ஆங்கிலம், வரலாறு, கணக்கு, ஸ்பானிஷ், நியூஜெர்சி சட்டப்படி பி.இ. என்கிற உடற்பயிற்சி வகுப்பு. மிச்சம் இரண்டு. கெமிஸ்ட்ரியும் ஃபிசிக்ஸும் ஏபியில் (AP, பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடம்) வைத்தால் ஆர்கெஸ்ட்ரா போச்சு. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து எக்செலில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் அவள் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கும் வயோலாவுக்கு (வயலின் மாதிரி, கொஞ்சம் பெரிது) இடமில்லை. ஸ்பானிஷை விடலாமா என்றால், ஹார்வர்டு ஒரே அந்நிய மொழியை நாலு வருஷம் படிக்கச் சொல்கிறது.

பிப்ரவரி 7
கோவிலில் செருப்பு விடும் இடத்தில் ஒருவர்: "எங்க பையன் ஆறு ஏபி எடுக்கிறான்." நான் கேட்கவே இல்லை.

பிப்ரவரி 9
பள்ளி கவுன்சிலரோடு பதினைந்து நிமிடம். கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான காமன் ஆப்பில் அவர் நிரப்பும் பகுதியில், இவள் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினம் என்று ஒரு கேள்வி உண்டு. 'மோஸ்ட் டிமாண்டிங்' கட்டத்தில் டிக் விழவேண்டும். எத்தனை ஏபி எடுத்தால் விழும் என்று நேரடியாகவே கேட்டேன். சிரித்தார். இந்தப் பள்ளியில் என்னென்ன கிடைக்கிறதோ அதோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்களாம். இங்கே இருப்பது 24 ஏபி. பள்ளிக்காகத்தான் இந்த ஊரில் வீடு வாங்கினோம். நாலே ஏபி இருக்கிற ஊரில் வாங்கியிருக்கலாம்.

பிப்ரவரி 11
கால்குலஸ் ஏபியா (AB), பிசியா (BC)? தமிழில் எழுதினால் 'ஏபி கால்குலஸ் ஏபி' என்று வருகிறது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிசிதான். AB-யில் இருப்பதெல்லாம் அதில் வந்துவிடும், அதற்கு மேலே சீரிஸ், போலார் என்று கூடுதல் தலைப்புகள்.

பிப்ரவரி 12
காய்ச்சல்.

பிப்ரவரி 15
லேப்டாப் மேலெல்லாம் வெள்ளைப் பொடி. வயோலா வில்லுக்குத் தேய்க்கிற ரோசின். துடைத்தால் விரலில் பிசுக்கென்று ஒட்டுகிறது. திட்டத்தான் போனேன். இடது கையை நீட்டினாள், நான்கு விரல் நுனியும் காய்த்துக் கிடக்கிறது.
"கெமிஸ்ட்ரி பிடிக்குமாடி?"
"தெரியலம்மா. எடுக்கணும்ல?"
எனக்கு குரூப் எடுத்தது அப்பா. 1994, பிளஸ் ஒன், ஃபர்ஸ்ட் குரூப். அந்த ஃபாரத்தை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 16
ஏபியில் ஏ வாங்கினால் 5.0. ஆர்கெஸ்ட்ராவில் ஏ வாங்கினால் 4.0. அதாவது எவ்வளவு நன்றாக வாசித்தாலும் வெயிட்டட் ஜிபிஏ (பாடத்தின் கடினத்தையும் சேர்த்துப் போடும் மதிப்பெண் சராசரி) இறங்கும். இதை யார் யோசித்து வைத்தார்களோ, அவர்கள் வீட்டில் யாரும் வாத்தியம் வாசிக்கவில்லை.

பிப்ரவரி 17
"ஃபிசிக்ஸை பன்னிரண்டாவதில் எடுக்கட்டுமே" என்கிறார் இவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிப்ரவரி 18
அப்படியென்றால் பன்னிரண்டாவதில் எதை விடுவது?

பிப்ரவரி 20
அவளே நிரப்பி வைத்திருக்கிறாள். கால்குலஸ் பிசி, கெமிஸ்ட்ரி, ஆர்கெஸ்ட்ரா. ஃபிசிக்ஸ் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளை நள்ளிரவு வரை மாற்றலாம். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 21
பனி. பள்ளிக்கூடம் லீவு. போர்ட்டலை 24 வரை நீட்டித்துவிட்டார்கள்.