பன்னாட்டு வணிகம் கற்பிப்பவர் எங்கே கற்பது?

எம்பிஏ வகுப்பெடுப்பவர்களுக்கு இப்போது பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. எஃப்டிபி என்னும் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் வந்து குவிகின்றன. கேமராவை அணைத்துவிட்டு ஐந்து நாள் இணைப்பில் இருந்தால் போதும், கடைசி நாள் வினாடிவினா முடிந்ததும் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிடும். பதவி உயர்வுக் கோப்பு கனமாகும். நான் கோவையில் பன்னாட்டு வணிகம் எடுக்கிறேன். நான் போன பயிற்சிகளில் பெரும்பாலானவை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதோடு நின்றுவிட்டன. ஆய்வில் என்ன கேள்வி கேட்பது என்று யாரும் பேசவில்லை.

அந்தப் பேச்சு எனக்குக் கிடைத்தது 2015 ஜூனில், பெங்களூரில். அகாடமி ஆஃப் இன்டர்நேஷனல் பிசினஸ், சுருக்கமாக ஏஐபி, பன்னாட்டு வணிக ஆய்வாளர்களுக்காக 1959இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அமைப்பு. இத்துறையில் எல்லோரும் ஒருமுறையாவது எழுத ஆசைப்படும் ‘ஜர்னல் ஆஃப் இன்டர்நேஷனல் பிசினஸ் ஸ்டடீஸ்’ அதனுடைய இதழ்தான். அந்த ஆண்டு மாநாடு இந்தியாவுக்கே வந்தது. விசா கவலை இல்லை, இரவு பஸ் ஏறினால் காலையில் பெங்களூர். துறைத்தலைவர் ஓடி (பணி நிமித்த அனுமதி) கொடுத்தார். பதிவுக் கட்டணம் மட்டும் என் கைக்காசு.

ஏஐபியில் முதிர்ந்த கட்டுரைகளுக்கு மேடை கிடைக்கும். இன்னும் கொஞ்சம் வேக வேண்டியவற்றை ‘இன்டராக்டிவ்’ அமர்வில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். என்னுடையது இரண்டாம் வகை. மேடை கிடைக்கவில்லையே என்ற வருத்தத்தோடுதான் உட்கார்ந்தேன்.

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்களிடம் வினாத்தாள் கொடுத்து, நிறுவனங்கள் எப்படி வெளிநாட்டுக்குப் போகின்றன என்று சொல்லும் ‘உப்சாலா மாதிரி’ (மாடல்) அங்கே பொருந்துகிறதா என்று பார்த்திருந்தேன். யோஹான்சன், வால்னே என்ற இரு ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1977இல் முன்வைத்தது அது. நிறுவனம் தனக்குப் பழக்கமான நாட்டில் தொடங்கும். முதலில் முகவர், அப்புறம் சொந்த விற்பனைக் கிளை, கடைசியில் ஆலை என்று படிப்படியாக வெளியே காலூன்றும். சாண்ட்விக், வால்வோ போன்ற ஸ்வீடன் நிறுவனங்களின் அனுபவத்திலிருந்து வந்த கருத்து. மேசையிலிருந்த ஒரு மூத்த பேராசிரியர் என் அட்டவணைகளைத் தள்ளிவைத்துவிட்டு, “உங்கள் ஊருக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் எப்படி வந்தது?” என்று கேட்டார்.

1978இல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி, பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூரைப் பற்றித் தெரிந்துகொண்டு வெள்ளை டி-ஷர்ட் கேட்டு வந்த கதையைச் சொன்னேன். திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கும் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் கட்டுரையில் அது அடிக்குறிப்பாகக்கூட இல்லை.

“அப்போது யாரும் வெளியே போகவில்லையே. வாங்குகிறவர்தானே தேடி வந்திருக்கிறார்?” என்றார் அவர். பக்கத்திலிருந்தவர், யோஹான்சனும் வால்னேயும் 2009இல் தங்கள் மாதிரியைத் திருத்தி எழுதியதை எடுத்துப் போட்டார். அந்நிய நாடு என்பதைவிட, வணிக வலைப்பின்னலுக்கு வெளியாளாக நிற்பதுதான் பெரிய தடை என்பது அந்தத் திருத்தம். வெரோனாவுக்குப் பம்பாய்க்காரர்கள் செய்துகொடுத்தது அந்தத் தடையைத் தாண்டும் வேலையைத்தான். அந்த ஒரு அமர்வில் என் ஆய்வு வேறு திசைக்குப் போய்விட்டது. வெளிநாட்டுக் கோட்பாட்டுக்கு உள்ளூரில் எண்கள் சேகரித்துத் தருவதையே நம் ஆய்வேடுகளில் பல செய்துகொண்டிருக்கின்றன என்பது என் எண்ணம். பக்கத்து ஊரைக் காட்டிக் கோட்பாட்டையே கேள்வி கேட்கலாம் என்ற துணிச்சலை எந்த எஃப்டிபியும் எனக்குத் தரவில்லை.

ஏஐபிக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள் மற்றவர்களின் கட்டுரைகளையும் மதிப்பாய்வு செய்துதர வேண்டும். பெயர் தெரியாத ஒருவரின் கட்டுரையில் வாதம் எங்கே சறுக்குகிறது என்று பொறுமையாக எழுதிக் காட்டுவது நல்ல பயிற்சி. கல்லூரிப் படிவத்தில் இதற்கென்று கட்டம் கிடையாது, ‘இதர’வில்தான் போட வேண்டும்.

வகுப்பறைக்கு உதவியது எக்ஸ்-கல்ச்சர். வாஸ் தாராஸ் என்ற பேராசிரியர் 2010இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தொடங்கிய திட்டம். பல நாட்டு மாணவர்களைச் சிறு குழுக்களாகக் கலந்து, உண்மையான நிறுவனம் ஒன்றின் சிக்கலைக் கொடுத்து, சுமார் இரண்டு மாதம் இணையவழியே வேலை வாங்குவார்கள். நம் மாணவர்கள் தடுமாறுவது ஆங்கிலத்தில் என்று நினைத்திருந்தால், அது இல்லை. வாராவாரம் குழுவினர் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட வேண்டும். வேலையே செய்யாதவனுக்கும் “பாவம் சார், அவனும் நம்ம டீம்தானே” என்று முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள். குழுவிலுள்ள வெளிநாட்டு மாணவர்களிடமிருந்து தாட்சண்யமே இல்லாத மதிப்பெண் வந்ததும் முகம் வாடிவிடும். நாடுகளின் பண்பாட்டு வேறுபாட்டை ஆராய்ந்த ஹாஃப்ஸ்டீட் பெயரைச் சொல்லி நான் நடத்திய வகுப்புகளைவிட அந்த ஒரு வாரம் அவர்கள் மனதில் நன்றாகப் பதிந்தது. அறிக்கைகளைப் பல நாட்டு ஆசிரியர்கள் திருத்துகிறார்கள். நான் தாராளமாகப் போட்ட இடத்தில் இன்னொருவர் கறாராகப் போட்டிருப்பதைப் பார்த்தபின் என் பேனாவும் கொஞ்சம் இறுகியது.

வெளிநாட்டு மாநாடுகளுக்குப் போகச் சொல்லி இளம் ஆசிரியர்களை நான் வற்புறுத்துவதில்லை. டிக்கெட்டும் விடுதியும் சேர்ந்தால் பல தனியார் கல்லூரிச் சம்பளம் தாங்காது. எக்ஸ்-கல்ச்சரில் சேர ஆசிரியருக்கு ஒரு மடிக்கணினியும் வகுப்பும் இருந்தால் ஆரம்பிக்கலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்: குழு அறிக்கையின் கடைசி வாரம் நம் இன்டர்னல் தேர்வோடு மோதும். பருவம் தொடங்கும்போதே துறையில் பேசி அந்தத் தேதியை நகர்த்தி வைத்துக்கொள்வது நல்லது.